நாலு விரல் பெட்ரோல்

ஒரு டாங்கி பெட்ரோலில் மோட்டார் சைக்கிள் எவ்வளவு தூரம் ஓடும் என்று இப்போதும் யாராவது என்னைக் கேட்பதுண்டு. ஆம்பூரில் கிளம்பினால் வேலூர் ஆஸ்பத்திரிக்கு முக்கால் மைல் இருக்கும்போது நின்றுவிடும் என்று பதில் சொல்வேன். கேட்டவர் சிரிப்பார். மரியாதைக்கு நானும் சிரிப்பேன். அந்த முக்கால் மைலில் நான் சிரிக்கவில்லை. அதற்கு முந்திய மைல்களிலும் சிரிக்கவில்லை.

அப்போது எனக்கு முப்பத்திரண்டு வயது. ஆம்பூரில் ஒரு தோல் ஷாப்பில் ரைட்டர் வேலை. ஷாப்பு என்றால் எங்கள் பக்கத்தில் கடையல்ல. தோலைச் சுண்ணாம்புக் குழியில் போட்டு ரோமம் நீக்கி, ஆவாரம்பட்டைச் சாற்றில் ஊறவைத்துப் பதனிடும் இடம். சீமைக்குப் போகும் இங்கிலீஷ் கடிதங்களை எழுதுவது என் பொறுப்பு. முதலாளி ஒருமுறை மதராசுக்குப் போனவர், பக்கத்தில் தொட்டி வைத்த மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கி ரயிலில் ஏற்றி அனுப்பிவிட்டார். தொட்டியில் ஒரு ஆள் காலை நீட்டி உட்காரலாம். முதலாளி அதை ஒரே ஒரு தடவை ஓட்டினார். ஷாப்பு வாசலில் ஆரம்பித்துப் பட்டைக் கிடங்கு வரைக்கும் நன்றாகத்தான் போனார். பிறகு கிடங்குக்கு உள்ளேயும் போனார். அதற்குப் பிறகு அவர் வண்டியைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை.

வண்டியோடு ஒரு சின்ன இங்கிலீஷ் புத்தகம் வந்திருந்தது. அதைப் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன். ஆகவே ஓட்டவேண்டியவனும் நான்தான் என்று முடிவாயிற்று. பிரசவம் பார்ப்பது எப்படி என்று இங்கிலீஷில் ஒரு புத்தகம் வந்திருந்தால் என் கதி என்ன ஆகியிருக்குமோ!

பயம் என் கூடப் பிறந்தது. ரயிலுக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே ஸ்டேஷனுக்குப் போய், வண்டி போய்விட்டதா என்று விசாரிக்கிற ஜாதி நான். அப்படிப்பட்டவனை மோட்டார் சைக்கிளில் ஏற்றினால் என்ன ஆகும்? எதிரே மாடு வந்தாலும் பயம், வராவிட்டால் எங்கே ஒளிந்திருக்கிறதோ என்று பயம். எல்லாவற்றிலும் பெரிய பயம் பெட்ரோல். அப்போதெல்லாம் அது மதராசிலிருந்து டின்னில் வரவேண்டும். ஆம்பூருக்கும் வேலூருக்கும் நடுவே தாகத்துக்கு மோர் கிடைக்கும், பெட்ரோல் கிடைக்காது. டாங்கியின் மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தால் உள்ளே அமாவாசை இருட்டு. ஒரு டாங்கிக்கு இத்தனை மைல் என்று புத்தகத்தில் போட்டிருந்தது வாஸ்தவம். ‘நல்ல ரோட்டில், நிதானமான ஆள் ஓட்டினால்’ என்றும் கூடவே போட்டிருந்தது. எங்களிடம் இரண்டுமே கிடையாது.

எனவே ஒரு கோலை விட்டு அளந்து பார்ப்பதென்று தீர்மானித்தேன். அளவுக்கு ஏற்ற கோல் எங்கள் மேஸ்திரி பாயின் அறை ஜன்னலில் கிடந்தது. ஒரு சாண் நீளம், மெல்லிய மூங்கில். டாங்கியின் வாய்க்கென்றே சீவியது போலிருந்தது. உள்ளே விட்டு எடுத்தேன். அடியிலிருந்து நாலு விரல் உயரத்துக்குக் கருஞ்சிவப்பாக இருந்தது. நாலு விரல் பெட்ரோல்! அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் ஸ்டேஷனுக்குப் போய்வந்து அளந்தேன். நாலு விரல். தபாலாபீஸ் போய்வந்து அளந்தேன். நாலு விரல். இரண்டு வாரம் ஓடியும் நாலு விரல் நாலு விரலாகவே இருந்தது. டின்னில் இருந்ததைத் தொடவேண்டிய அவசியமே வரவில்லை. இதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட வந்துவிட்டது.

“நான் ஓட்டினா பெட்ரோலே செலவாகறதில்ல பாய்” என்றேன் மேஸ்திரியிடம்.

“மொதலாளி காதுல போட்டுடாத ரைட்டரே. சோறு போடாமலே ரைட்டரும் ஓடுவானான்னு பாப்பாரு.”

மேஸ்திரி பாய்க்கு ஐம்பது வயதிருக்கும். ஷாப்பில் முதலாளிக்கு நாற்காலிதான் சொந்தம், மற்றதெல்லாம் பாயின் கண்ணுக்குச் சொந்தம் என்று ஆட்கள் சொல்வார்கள். ஒரு தோலை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணைச் சுருக்கிப் பார்ப்பார். எந்தக் குழியில் எத்தனை நாள் கிடந்தது, இன்னும் எத்தனை நாள் கிடக்கவேண்டும் என்று சொல்லிவிடுவார். அவர் பார்த்து ‘ஆவட்டும்’ என்று சொல்லாமல் ஒரு தோலும் குழியைவிட்டு எழுந்ததில்லை.

அந்தக் கண்களில்தான் சுண்ணாம்பு விழுந்தது.

ஒரு நாள் காலை, புதுச் சுண்ணாம்புக் கல்லில் தண்ணீர் ஊற்றி நீற்றிக்கொண்டிருந்தார்கள். பாய் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கட்டி படீரென்று வெடித்துக் கொதிக்கிற குழம்பு இரண்டு கண்ணிலும் அடித்தது. நான் ஓடிப் போனபோது நாலு பேர் அவரைப் பிடித்துக்கொண்டிருக்க, ஐந்தாவது ஆள் விளக்கெண்ணெயோடு வந்தான்.

“எண்ண கிண்ண எவனாவது கொண்டாந்தீங்க, கைய ஒடிச்சுருவேன்! தண்ணி ஊத்துங்கடா! ஊத்திட்டே இருங்க!” என்று பாய் கத்தினார். குடம் குடமாக ஊற்றினார்கள். இமைகள் வீங்கி ஒட்டிக்கொண்டன. நடுவில் வெந்த கண் ஒரு கீற்றாகத் தெரிந்தது. அதைப் பார்த்துவிட்டு, ஏன் பார்த்தோம் என்று நினைத்தேன்.

உள்ளூர் கம்பவுண்டர் வந்து, இது என் கையில் இல்லை, உடனே வேலூருக்குக் கொண்டுபோங்கள், நேரம் ஆக ஆகப் பார்வைக்கு உத்தரவாதமில்லை என்றார். காலை ரயில் போய்விட்டது. அடுத்தது பிற்பகலில். முதலாளி மதராசில். எல்லோரும் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நானும் திரும்பி எனக்குப் பின்னால் பார்த்தேன். யாரும் இல்லை.

“ரைட்டரு இருக்காரா?” என்றார் பாய்.

“இருக்கேன் பாய்.”

“பயமா கீதா?”

“அதெல்லாம் ஒண்ணுமில்ல பாய்.”

“கண்ணு தெரியலன்னு பொய் சொல்லாத. உன் பல்லு அடிக்கற சத்தம் கேக்குது.”

அவர் கண்ணில் ஈரத் துணியைக் கட்டித் தொட்டியில் உட்காரவைத்தார்கள். வழியில் துணியை நனைக்க ஒரு பானைத் தண்ணீரும் சொம்பும். பானையை அவர் முழங்கால்களுக்கு நடுவே வைத்தபோது, கொட்டகையிலிருந்த முழு டின் பெட்ரோல் என் கையில் இருந்தது. இரண்டுக்கும் இடமில்லை. பானையா, டின்னா? டாங்கியைத் திறந்து கோலை விட்டேன். நாலு விரல். டின்னைக் கீழே வைத்துவிட்டேன்.

டின்னை அப்போதே டாங்கியில் கவிழ்த்திருக்கலாமே என்று இப்போதும் ராத்திரியில் எழுந்து உட்காருகிறேன்.

ஊரைத் தாண்டிப் புளியமரச் சாலையில் ஏறியதும் பயம் வேலையை ஆரம்பித்தது. எஞ்சின் சத்தம் குறைகிறதா? இல்லை. கூடுகிறதா? கூடினாலும் நல்லதில்லையே. மாதனூருக்கு முன்னால் தாங்கமுடியாமல் நிறுத்தி, சத்தமில்லாமல் மூடியைத் திறந்து கோலை விட்டேன். நாலு விரல்.

“இன்னா ரைட்டரே, நின்னுட்ட?”

பெட்ரோல் பார்க்க நிறுத்தினேன் என்று கண் போய்க்கொண்டிருக்கிற மனிதரிடம் எப்படிச் சொல்வது?

“கண்ணக் கழுவ வேணாமா பாய்? அதுக்குத்தான்.”

“இப்பதானே கெளம்பினோம்?”

“அடிக்கடி கழுவணும்னு டாக்டருங்க சொல்றாங்க.”

“எந்த டாக்டரு?”

“பொதுவா, எல்லாரும்.”

சொன்ன பொய்யைக் காப்பாற்றவேண்டுமே. துணியை அவிழ்த்து, தலையைச் சாய்த்து, சொம்பு சொம்பாக இரண்டு கண்ணிலும் ஊற்றினேன். பாய் பல்லைக் கடித்துக்கொண்டு சாலையோர மரத்தையும், சுண்ணாம்பையும், சுண்ணாம்பு சுட்டவனின் பரம்பரையையும் உருதுவில் திட்டினார். மறுபடி கட்டிக் கிளம்பினேன். இரண்டு மைல் போவதற்குள் டாங்கி காலியாகிவிட்டதுபோல் தோன்றியது. நிறுத்தினேன். நாலு விரல். “கண்ணு பாய்” என்றேன். மறுபடி சொம்பு, மறுபடி உருது.

இப்படியே போனோம். ஒரு இடத்தில் பாய், “எங்க கீறோம்?” என்று கேட்டார்.

“பள்ளிகொண்டா தாண்டிட்டோம் பாய்.” தாண்டவில்லை. தைரியத்துக்காகச் சொன்னேன், என் தைரியத்துக்காக.

“வெல்லம் காய்ச்சற வாசன இன்னும் வர்லியே? கண்ணுதான் போச்சு ரைட்டரே, மூக்கு கீது.”

கொஞ்ச தூரம் போனதும் அவர் குரல் வேறு மாதிரி வந்தது. எஞ்சின் சத்தத்தில் பாதிதான் கேட்டது. அந்தப் பாதியையும் நான் கேட்காமல் இருந்திருக்கலாம்.

“கண்ணு இல்லாதவன் ஷாப்புல இன்னா வேல செய்வான்?”

நான் ரோட்டுப் பள்ளங்களைப் பார்த்துப் பார்த்து ஓட்டினேன்.

“தண்ணி எறைக்கலாம்” என்று அவரே சொன்னார். “கயித்தப் புடிச்சிட்டே போய், கயித்தப் புடிச்சிட்டே வர்லாம். அதுக்குக் கண்ணு வாணாம்.”

நான் வண்டியை முறுக்கினேன். வெல்ல வாசனை வந்தது. பள்ளிகொண்டாவும் போயிற்று. மறுபடி நிறுத்தினேன், கோலை விட்டு எடுத்தேன், பார்த்தேன்.

நாலு விரல்.

ஆம்பூரில் நாலு. மாதனூரில் நாலு. பள்ளிகொண்டா தாண்டியும் நாலு. முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. அடுத்த கணம், முதுகில் யாரோ ஈரத்தோலைப் போர்த்தியது போலிருந்தது. இத்தனை மைல் ஓடின வண்டி குடித்தது எதை? ஆண்டவன் கிருபை என்று நினைக்கலாம்தான். ஆனால் ஆண்டவன் எனக்கு இதுவரை அவ்வளவு தூரம் சலுகை காட்டியதில்லை.

தனியாகப் பயப்பட முடியாத கட்டம் வந்துவிட்டது. “பாய், பெட்ரோல் கொறையவே இல்ல” என்றேன்.

“எதுல பாத்த?”

“கோல் விட்டுத்தான்.”

“எந்தக் கோலு?”

“உங்க ஜன்னல்ல கெடந்துச்சே, சாண் நீளம்.”

பாய் கையை நீட்டினார். கொடுத்தேன். மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். நகத்தால் சுரண்டி நுனிநாக்கில் வைத்துப் பார்த்தார். கட்டுப்போட்ட கண்ணோடு என் பக்கம் திரும்பினார்.

“அடப்பாவி. இது எம் பட்டச் சாறு பாக்கற கோலுடா. மூணு வருஷமா சாத்துல முக்கி முக்கி வெச்சது. இந்தச் செவப்பு பட்டக் கறை. பெட்ரோலு இந்த வெயில்ல நிக்குமா? நீ உருவறதுக்குள்ள பறந்துடும். கெணத்துல உட்டாலும் நாலு வெரல் காட்டும், காஞ்ச மணல்ல நட்டாலும் நாலு வெரல் காட்டும்!”

“அப்ப டாங்கில எவ்ளோ பாய் இருக்கு?”

“என்னக் கேக்கறியா? எனக்குத்தான் கண்ணு தெரிலயே!”

இரண்டு வாரமாக ஒரு சொட்டுக்கூட ஊற்றாத டாங்கி. ஆம்பூர்க் கொட்டகையில் நிறைந்து நிற்கும் டின். நான் அந்தப் பக்கம் திரும்பி, ஒரு புளியமரத்தைப் பிடித்துக்கொண்டு, காலையில் சாப்பிட்டதைத் திருப்பிக் கொடுத்தேன்.

“முடிச்சிட்டியா?” என்றார் பாய். “சரி, ஏறு. நிக்கற வரைக்கும் போலாம்.”

அவர் சொன்னபடியே நிற்கிற வரைக்கும் போனோம். எஞ்சின் ஒருமுறை இருமியது, இன்னொரு முறை இருமியது, பிறகு பாலாற்று மணல் மாதிரி அமைதியாகிவிட்டது. வேலூருக்கு இன்னும் நாலைந்து மைல் இருக்கும். உச்சி வெயில். நான் காலால் உதைத்தேன், கையால் கும்பிட்டேன். எனக்குத் தெரிந்த சாமிகள் போதாமல் பாயின் தர்காவுக்கும் எங்கள் ஷாப்பு கிறிஸ்தவர்களின் மாதாவுக்கும் வேண்டிக்கொண்டேன்.

எதிரே மேல்விஷாரத்துப் பக்கமிருந்து பட்டை ஏற்றிய இரண்டு மாட்டுவண்டி வந்தன. முன்வண்டிக்காரர் இறங்கி எங்களைச் சுற்றிவந்தார்.

“இன்னா சாமி, குதிர படுத்துக்கிச்சா? புல்லு போடலியா?”

“பாத்துப் பேசுய்யா, உள்ள கண்ணுல சுண்ணாம்பு பட்ட மனுஷன் இருக்காரு!” என்று நான் கீச்சென்று கத்தினேன். அவர் முகம் மாறிவிட்டது. வண்டியைத் திருப்பிக் கூட்டிப்போகிறேன் என்றார். மாடு நாலைந்து மைல் நடந்து முடிக்க எவ்வளவு நேரமாகும் என்று கணக்குப் பார்த்தேன். இரண்டு மணி நேரமாவது ஆகும்.

“ரைட்டரே” என்றார் பாய். “டாங்கி எப்டி கீது? சொல்லு.”

“நடுக் கம்பிக்கு ரெண்டு பக்கமும் தொங்குது பாய். கழுதைமேல ரெண்டு மூட்டை போட்ட மாதிரி.”

“எஞ்சினுக்குப் போற கொழா?”

“வலது பக்கம் மட்டும்.”

“அப்ப எடது மூட்டையில மிச்சம் இருக்கும்டா! தண்ணி விக்கற பிஸ்திக்காரனப் பாத்ததில்ல? தோல் பை தீந்துச்சுன்னா அப்டியே போவானா? அந்த மூலயத் தூக்கி இந்த மூலைக்குக் கொண்டாருவான். தொட்டியத் தூக்குங்க, சாயட்டும்!”

தொட்டி இடதுபக்கம். இரண்டு வண்டிக்காரர்களும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். பாயை இறங்கச் சொன்னேன். நேரமாகிறது, என்னோடேயே தூக்குங்கள் என்றுவிட்டார். பானையைக் கட்டிக்கொண்டு அவர் மெல்ல வானத்தை நோக்கி எழுந்தார்.

“ஆம்பூர்லருந்து வேலூருக்குன்னு சொல்லிட்டு எங்கடா அனுப்பறீங்க என்ன?”

டாங்கிக்குள்ளே களகளவென்று ஒரு சத்தம் கேட்டது. அவ்வளவு இனிய சத்தத்தை அதற்குமுன் நான் எந்தக் கச்சேரியிலும் கேட்டதில்லை. மூன்றாவது உதையில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. வண்டிக்காரர்களுக்கு நன்றி சொல்ல வாயைத் திறந்தேன், பயத்தில் கைதான் முறுக்கியது; சொல்லாமலே வந்துவிட்டேன்.

அந்தக் கொஞ்சம் பெட்ரோல் எங்களை வேலூர் எல்லைக்குள் சேர்த்துவிட்டு, ஆஸ்பத்திரிக்கு முக்கால் மைல் இருக்கும்போது தீர்ந்தது. இனித் தூக்கினாலும் பயனில்லை. இறங்கித் தள்ளினேன். வேலூர் வெயிலில், தொட்டியோடு, ஆளோடு, பானையோடு. பாயும் இறங்கி ஒரு கையால் தள்ளினார். தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள்: கண்ணைக் கட்டிய ஒருவர் தள்ள, கண் இருந்தும் ஒன்றும் புரியாத ஒருவன் அழுதுகொண்டே கைப்பிடியைப் பிடித்துப் போகிறான். கால் மைல் தள்ளியிருப்போம்.

“ரைட்டரே, ஒண்ணு கேக்கட்டா?”

“சொல்லுங்க பாய்.”

“ஆஸ்பத்திரி எனக்கா, இந்த வண்டிக்கா? இத்த உட்டுட்டு நடந்தா ஆவாதா?”

சத்தியமாக அந்த யோசனை எனக்கு வரவேயில்லை. வண்டியை ஒரு வேப்பமரத்தில் சாய்த்துவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். இரண்டு தடவை நான்தான் கல்லில் தடுக்கினேன். “மெதுவா வா. எங்கயாவது கல்லு தடுக்கிடப் போவுது” என்று அவர் எனக்குச் சொல்லிக்கொண்டே வந்தார்.

டாக்டர் விளக்கைப் பிடித்து வெகுநேரம் பார்த்தார். இமைக்குள் சிக்கியிருந்த ஒன்றிரண்டு பொடியை எடுத்தார். சுண்ணாம்பு பெரும்பாலும் உள்ளே தங்கவில்லை, வழியெல்லாம் யாரோ விடாமல் கழுவியிருக்கிறார்கள், அதுதான் நல்லது செய்திருக்கிறது. இருந்தாலும் கட்டு அவிழ்க்கும்வரை ஒன்றும் சொல்லமாட்டேன் என்றார். “அடிக்கடி கழுவணும்னு உங்களுக்கு யார் சொன்னது?” என்று என்னைக் கேட்டார்.

பாய்தான் பதில் சொன்னார். “பயம் சொல்லிச்சு டாக்டரே. கண்ணக் கழுவறேன்னு சொல்லிட்டு இந்தாளு பெட்ரோல் பாத்துட்டு வந்தான்.” எல்லாம் தெரிந்தேதான் தலையைச் சாய்த்துக் காட்டியிருக்கிறார்!

எட்டு நாள் கட்டோடு கிடந்தார். முதலாளி வண்டியைப் பற்றிக் கேட்டுக் கடிதம் எழுதினார். நான் முதல்முறையாக ஒரு கடிதத்துக்குப் பதில் எழுதாமல் இருந்தேன். தினமும் பாயின் கட்டிலருகே உட்கார்ந்து ஊர் வம்பு சொன்னேன். அவர் கயிறு, தண்ணீர் பற்றிப் பிறகு பேசவில்லை. பேசாதது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

ஒன்பதாம் நாள் காலை கட்டை அவிழ்த்தார்கள். டாக்டர் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நின்று கையைத் தூக்கினார். இரண்டு விரல்.

“எத்தனை விரல், சொல்லுங்க.”

பாய் சிவந்த கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்தார். தோலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிற அதே பார்வை.

“நாலு வெரலு” என்றார்.

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். டாக்டரின் கை கீழே இறங்குவது தெரிந்தது. கயிறு தெரிந்தது. அதைப் பிடித்துக்கொண்டு கிணற்றுக்கும் குழிக்கும் நடுவே நடக்கிற ஆள் தெரிந்தார். கொட்டகையில் அந்த டின் தெரிந்தது.

மேலே கட்டில் கிறீச்சிட்டது. பாய் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தார்.

“ரெண்டு, டாக்டரே, ரெண்டு! ஒரு கண்ணுல கொஞ்சம் பனி மாதிரி கீது, ஆனா ரெண்டுதான். நாலுன்றது இந்தாளு அளவு!” பிறகு கட்டிலிலிருந்து குனிந்து, எட்டு நாளைக்கப்புறம் முதல் தடவையாக என்னைப் பார்த்தார்.

“இன்னா ரைட்டரே, மொகம் சுண்ணாம்பா வெளுத்துக் கீது? எந்திரி, எந்திரி. மூக்குல வேற என்னமோ ஒழுவுது, தொட.”